தேங்காயெண்ணெய் உருகின வெள்ளிக்கிழமை

நான் கோவக்காரன். அதை முதலிலையே சொல்லிப்போடுறன், பிறகு ஆரும் குறை சொல்லக்கூடாது. ஊரிலை தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசின் நிண்டுபோனால் என்னைத்தான் கூப்பிடுவினம். மண்ணெண்ணெய் மெசினோ டீசல் மெசினோ, சத்தத்தைக் கேட்டே அதுக்கு என்ன வருத்தம், எங்கை பழுது எண்டு சொல்லிப்போடுவன். அப்பிடிப்பட்ட என்னை டென்மார்க்கிலை ஒரு வீட்டுப் பொயிலர் மூண்டு கிழமை விசரனாக்கி வைச்சிருந்தது. கடைசியிலை ஆர் வெண்டது எண்டு கேட்டால், நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுறன்.

ஹோர்சன்ஸ் நகரத்துக்குக் கொஞ்சம் வெளியிலை ஒரு பழைய செங்கல் வீடு. நானும் ஒரு மன்னார்ப் பெடியனும் அதை வாடகைக்கு எடுத்து இருந்தம். அவன் கத்தோலிக்கன், என்னிலும் மூண்டு வயசு இளமை, கலியாணம் கட்டேல்லை, என்னை அண்ணை எண்டு கூப்பிடுவான். வாய்க்காரன். விடிய வேலைக்குப் போய் மத்தியானம் திரும்புவான். நான் பின்னேர வேலை. அதாலை வீட்டிலை எந்த நேரமும் ஆரோ ஒராள் இருப்பம்.

என்ரை மனிசியும் மகளும் யாழ்ப்பாணத்திலை. நான் வெளிக்கிட்டு வரேக்கை மகளுக்கு ரெண்டு வயசு நிரம்பேல்லை. வந்து இருக்க அனுமதி கிடைச்ச உடனை அவையளைக் கூப்பிட விண்ணப்பம் குடுத்தன். என்னைப்போலை எத்தினையோ பேர் குடுத்தவை. அந்த விண்ணப்பங்கள் எல்லாம் அசையாமல் ஒரு மூலையிலை கிடந்தது. ஏன் எண்டு கேட்டால் பொறுங்கோ எண்டினம். பிறகு அதைத் தமிழ் வழக்கு எண்டு இந்த நாடே கதைச்சது, பேப்பரிலை, டிவியிலை எல்லாம் வந்தது. அதெல்லாம் பிறகு. அந்த நேரம் எங்களுக்கு ஒண்டும் தெரியாது. தபால்காரன்ரை சைக்கிளைப் பாத்துக்கொண்டு யன்னலிலை நிக்கிறதுதான் எங்கடை வேலை.

அந்த விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்துப் பாக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளாலை, ஒரு திங்கக்கிழமை, எனக்குக் கடிதம் வந்தது. மனிசியும் பிள்ளையும் வரலாம். நான் அதை நாலுதரம் வாசிச்சன். டேனிஷ் விளங்காமல் இல்லை, நம்ப ஏலாமல்தான். மன்னார்க்காரன் வேலையாலை வந்ததும் அவனைக் கட்டிப்பிடிச்சுக் குளறினன். அவனும் சேர்ந்து குளறினான், அவனுக்கு என்ன வந்ததோ தெரியாது.

எங்கடை விறாந்தை அறையிலை மேற்குச் சுவரோடை ஒரு சின்னத் தட்டு. அதிலை என்ரை பிள்ளையாரும் அவன்ரை மடுமாதாவும் பக்கத்திலை பக்கத்திலை இருப்பினம். படங்கள் கிழக்கைப் பாக்கவேணும் எண்டு அந்தச் சுவரிலை நான்தான் தட்டடிச்சனான். அண்டைக்கு வேலைக்குப் போக முன்னம் நான் அந்தத் தட்டிலை இருந்த பித்தளை விளக்கைக் கொளுத்திப்போட்டு நேத்தி வைச்சன். அவையள் ரெண்டுபேரும் இந்த வீட்டு வாசலிலை கால்வைக்கும் வரைக்கும் இந்த விளக்கு நூரக்கூடாது, இரவு பகலாய் எரியவேணும். அதுக்கு முதல் காலமையும் பின்னேரமும் பத்து நிமிசம் கொளுத்திறதுதான் வழக்கம்.

“அண்ணை, நான் நிக்கிற நேரம் நான் எண்ணெய் விடுறன், மாதாவுக்கும் சேத்துத்தானே எரியுது” எண்டான் அவன்.

அவையள் வாறதுக்கு மூண்டு கிழமைகூட முழுசாய் இல்லை. சனிக்கிழமை காலமை விமானம்.

கடிதம் வந்த கிழமையே, புதன்கிழமை வீடு குளிரத் தொடங்கினது.

முதலிலை நாங்கள் பெரிசாய் எடுக்கேல்லை. மார்கழி முடிஞ்சு தை பிறந்திருக்கு, வெளியிலை வயல் முழுக்க வெள்ளை, குளிராமல் என்ன செய்யும்? வியாழன் காலமை குளிக்கப் போனன். பைப்பைத் திறந்தால் பச்சைத்தண்ணி. கோதாரி, ஐஸ் தண்ணி! ரேடியேற்றரிலை கையை வைச்சால் செத்த மாடு மாதிரிக் குளிர்ந்துபோய்க் கிடக்கு. குசினித் தட்டிலை இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் வழக்கமாய்க் கொஞ்சம் தடிச்சுத்தான் இருக்கும். அண்டைக்குக் கல்லு. கரண்டியாலை குத்தினால் கரண்டி வளையுது.

வீட்டுக்குக் கீழை நிலவறை, கெல்டர் எண்டுதான் நாங்கள் சொல்லுறது. அதுக்குப் போற படி வீட்டுக்கு வெளியிலை. அங்கைதான் ஒயிலிலை எரியிற அந்தப் பழைய பொயிலர் இருக்கு. அது எரிஞ்சால்தான் ரேடியேற்றரும் சுடும், குளிக்கிற தண்ணியும் சுடும். எரியாட்டி ரெண்டும் இல்லை. நான் சட்டைக் கையை மடிச்சுக்கொண்டு இறங்கினன். தாங்கிக்குள்ளை தடியை விட்டுப் பாத்தன், ஒயில் அரைவாசிக்கு மேலை நிக்குது. பில்ற்றரைக் கழட்டிக் கழுவினன். பொயிலரிலை ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கு, இடையிலை நிண்டால் அதை அமத்தவேணும். அமத்தினன். அசையேல்லை. பிறகும் அமத்தினன். பிறகு காலாலை உதைஞ்சன். சும்மா சொல்லக்கூடாது, உதைக்கு மட்டும் நல்லாய்ச் சத்தம் போட்டது.

மேலை வந்து ரேடியேற்றர் ஒவ்வொண்டிலையும் சாவி போட்டுக் காத்தைத் திறந்து விட்டன். காத்து வரேல்லை, கறுத்தத் தண்ணிதான் சீறிக்கொண்டு வந்து மன்னார்க்காரன்ரை வெள்ளைச் சேட்டிலை அடிச்சது. ஞாயிறு பூசைக்கெண்டு மினுக்கி வைச்ச சேட்டு.

“நீங்கள் மெசின் திருத்தினது தோட்டத்துக்கு அண்ணை, இது வீடு” எண்டான்.

“வாயை மூடடா” எண்டன்.

விறாந்தைச் சுவரிலை, எங்கடை சாமித்தட்டுக்கு நேர மேலை, ஒரு முழம் உயரத்திலை, வெள்ளைப் பெட்டி ஒண்டு இருந்தது. தேர்மொஸ்ராற். வீட்டுக்கு எவ்வளவு சூடு வேணும் எண்டு அதிலை ஒரு வளையத்தைத் திருப்பி வைக்கிறது. இருபதிலை இருந்ததை இருபத்தைஞ்சுக்குத் திருப்பினன். பேந்து முப்பதுக்கு. அதுக்கு மேலை அதிலை இலக்கம் இல்லை.

வெள்ளி விடியப் பொயிலர் திருத்திறவர் வந்தார். குள்ளமான, பெரிய மீசை வைச்ச டேனிஷ்காரர், கதை குறைவு. அவர் நேர வெளிப்படியாலை கெல்டருக்குப் போனார். பொயிலரிலை ஒரு சுவிச்சைத் திருப்பி, கையாலை ஓட்டிப் பாத்தார். உடனை ‘பூம்’ எண்டு பத்தினது பாருங்கோ! எனக்கு ரோசம் வந்திட்டுது. நேத்து முழுக்க நான் கெஞ்சினதுக்குப் பத்தாதது, இந்த மனிசன் ஒருதரம் தொட்டவுடனை பத்துது. அரைமணித்தியாலம் ஓடவிட்டு, சுவிச்சைப் பழையபடி மாத்திப்போட்டு, எல்லாம் சரி எண்டார். மேலை தேர்மொஸ்ராற் எவ்வளவிலை இருக்கு எண்டு கேட்டார். முப்பதிலை எண்டன். ஒருக்காப் பாப்பம் எண்டு வாசல் மட்டும் வந்தார். வாசலிலை எங்கடை சப்பாத்துகள் வரிசையாய்க் கழட்டி இருக்கு. தன்ரை சப்பாத்தைப் பாத்தார், கணுக்கால் வரைக்கும் ஒயிலும் சேறும். உள்ளை சாமித்தட்டிலை விளக்கு எரியிறது தெரிஞ்சிருக்கும். வேண்டாம், முப்பதிலை இருந்தால் காணும் எண்டு சொல்லித் திரும்பிப் போட்டார். நானும் மரியாதையான மனிசன் எண்டு மனதுக்குள்ளை மெச்சினன். உண்மையிலை அந்த மரியாதைதான் எங்களை இன்னும் ரெண்டு கிழமை விறைக்க வைச்சது.

அண்டைக்குக் காலமை வீடு கொஞ்சம் சுட்டது. அவர் செய்த வேலை எண்டு நினைச்சம். பின்னேரம் பழையபடி ரேடியேற்றர் பிணம்.

ஆற்றையோ கண் பட்டிட்டுது எண்டு எனக்கு ஒரு எண்ணம் வந்தது. யோசிச்சுப் பாருங்கோ, கடிதம் திங்கக்கிழமை வருது, புதன்கிழமை வீடு குளிருது. கோல்டிங் நகரத்திலை இன்னும் கடிதம் வராமல் இருக்கிற ஆக்களுக்கெல்லாம் நான் போனிலை சந்தோசமாய்ச் சொன்னனான். அவையள் நல்ல சனம்தான், எண்டாலும் பெருமூச்சு விட்டிருப்பினம்தானே. கண்ணூறு கழியட்டும் எண்டு விளக்கிலை இன்னொரு திரியும் போட்டன். ரெண்டு சுவாலையாய் எரிஞ்சது. வீடு இன்னும் குளிர்ந்தது.

அடுத்த கிழமை கொம்யூனிலை இருந்து, அதுதான் நகரசபையிலை இருந்து, எங்கடை குடும்ப விசயம் பாக்கிற மனிசி வந்தா. பிள்ளைக்குக் கட்டில் இருக்கோ, அறை இருக்கோ எண்டு பாக்க வந்தவ. நல்ல மனிசி. கோட்டைக் கழட்டாமல் கதிரையிலை இருந்தா. கதைக்கக் கதைக்க அவவின்ரை வாயாலை புகை வந்தது, எங்கடை வீட்டுக்குள்ளை! நான் குடுத்த தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலையும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு, குடிக்காமல் இருந்தா. பைப்பைத் திறந்து விரலை நீட்டிப் பாத்தா, மூடினா.

பிள்ளைக்கு இழுப்பு இருக்கெல்லோ எண்டு கேட்டா. விண்ணப்பத்திலை நானே எழுதினதுதான். ஓம் எண்டன்.

இப்பிடிக் குளிர்ந்த வீட்டுக்கை இழுப்புக்காரப் பிள்ளையை விட ஏலாது எண்டு சொன்னா. அவையள் வாறதுக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குத் திரும்ப வருவாவாம். அதுக்குள்ளை சூடும் சுடுதண்ணியும் இல்லாட்டி, தாயையும் பிள்ளையையும் வடக்கை ஓல்போர்க் நகரத்துப் பக்கம் ஒரு விடுதியிலை வைச்சிருந்து, வீடு சரிவந்தாப் பிறகு கொண்டுவரலாமாம். எவ்வளவு நாள் எண்டு கேட்டன். சில கிழமை ஆகலாம் எண்டா.

சில கிழமை! நாலு வருசம் நிண்டுபோட்டு, இனியும் சில கிழமை. அதுகும் ஒரு கடதாசியாலை இல்லை, ஒரு பழைய இரும்புப் பெட்டியாலை. அந்த மனிசியிலை எனக்குக் கோவம் வரேல்லை, அவ சொன்னது நியாயம். அவ போனாப் பிறகு நான் கெல்டருக்குப் போய்ப் பொயிலருக்கு முன்னாலை குந்தியிருந்து அழுதன். அதுக்கு முன்னாலை மனிசருக்கு முன்னாலை அழுதிருக்கிறன், மெசினுக்கு முன்னாலை அழுதது அதுதான் முதல்தரம்.

திருத்திறவர் வியாழக்கிழமை திரும்ப வந்தார். ஒயில் விசிறுற மூக்கை மாத்தினார். நெருப்பைப் பாக்கிற கண் எண்டு ஒரு சின்னச் சாமானையும் மாத்தினார். கையாலை ஓட்டினார், எரிஞ்சது. எல்லாம் சரி எண்டார். அடுத்தநாள் வெள்ளி காலமை, நான் குசினியிலை நிக்கேக்கை பொயிலர் தானாய் உறுமிக்கொண்டு எழும்பினது. அரைமணித்தியாலம் போலை ஓடினது. நான் துள்ளினன். பிறகு நிண்டுபோச்சு.

மன்னார்க்காரன் வேலையாலை வந்ததும் அவனோடை கொழுவினன். நீதான் கெல்டருக்குள்ளை போய் எதையோ நோண்டியிருக்கிறாய் எண்டன். அவன் காலிலை மூண்டு சோடி மேசோட்டை ஒண்டுக்கு மேலை ஒண்டாய்ப் போட்டுக்கொண்டு சோறு வடிச்சான். ரெண்டுபேரும் அந்தக் காலம் வேலையிடத்திலைதான் குளிப்பு. வீட்டிலை முகம் கழுவச் சோத்துப்பானையிலை தண்ணி கொதிக்க வைக்கிறது. படுக்கேக்கை தொப்பி. கம்பளித் தொப்பியோடை ரெண்டு கறுத்த மனிசர் கட்டிலிலை கிடக்கிறதைப் பாத்தால் மகள் பயந்துபோடுவாள் எண்டு அவன் பகிடி விட்டான். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

அப்பிடியே கடைசி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நாளைக்கு அவையள் வந்து இறங்குவினம். இண்டைக்கு ரெண்டு மணிக்குக் கொம்யூன் மனிசி வாறா. வீடு குகை. நாங்கள் ரெண்டுபேரும் லீவு போட்டிட்டு நிண்டம். என்ன செய்யிறது எண்டு தெரியாட்டியும் நிண்டம்.

வெள்ளிக்கிழமை எண்டால் விளக்குத் துலக்கவேணும். உலகம் இடிஞ்சு விழுந்தாலும் அது எனக்கு விடேலாது. நேத்தி விளக்கு நூரக்கூடாதெல்லோ, அதாலை அந்தச் சுவாலையிலை இருந்து ஒரு சிட்டி விளக்கைக் கொளுத்திக் குசினி மேசையிலை வைச்சுப்போட்டு, பித்தளை விளக்கை எடுத்துப் பழப்புளி போட்டுத் தேய்ப்பன். தட்டையும் துடைப்பன். மேலை இருந்த வெள்ளைப் பெட்டியின்ரை அடியிலை புகை பிடிச்சுக் கறுத்திருக்கும், அதையும் ஈரத்துணியாலை துடைப்பன். மூண்டு வெள்ளியும் துடைச்சனான். துடைச்ச கைக்கு மூளை இல்லை.

பதினொரு மணி இருக்கும். நான் புளியும் கையுமாய் நிக்கிறன். மன்னார்க்காரன் கெல்டருக்குள்ளை நிண்டவன். திடீரெண்டு கீழை இருந்து ‘பூம்’. பொயிலர்! கூடவே அவன்ரை குரல், “அண்ணை, பத்தீட்டுது! நான் தொடேல்லை! சத்தியமாய் நான் ஒண்டையும் தொடேல்லை!”

பிள்ளையாரே எண்டு கத்திக்கொண்டு விளக்கைக் கழுவித் துடைச்சு, எண்ணெய் விட்டு, ரெண்டு திரியும் போட்டுக் கொளுத்திக்கொண்டுபோய்த் தட்டிலை வைச்சன். நன்றி சொல்லவேணும்தானே. கையைக் கூப்பிக்கொண்டு நிண்டு, தெரிஞ்ச தேவாரம் எல்லாம் ஒண்டுவிடாமல் பாடினன். கீழை பொயிலர் உறுமுது, மேலை நான் உறுமுறன். ரேடியேற்றர் மெல்ல மெல்ல வெக்கை பிடிக்குது. கண்ணாலை தண்ணி ஓடுது.

கடைசித் தேவாரம் முடியேக்கை என்ரை மூஞ்சைக்கு நேர ஒரு சின்னச் சத்தம். டிக்.

கீழை பொயிலர் நிண்டுபோச்சு.

நான் கூப்பின கையோடையே நிண்டன். அந்த வெள்ளைப் பெட்டியைப் பாத்தன். பெட்டிக்குக் கீழை இருந்த விளக்கைப் பாத்தன். கையை ரெண்டுக்கும் நடுவிலை நீட்டினன். நெருப்புச் சூடு. பெட்டியிலை விரலை வைச்சன். என்ரை ஐயோ, தோசைக்கல்லு!

அந்தப் பெட்டிதானே கீழை பொயிலருக்குச் சொல்லுறது, வீடு குளிருது எரி, வீடு சுட்டிட்டுது நில் எண்டு. அது மூண்டு கிழமையாய் என்ரை விளக்கின்ரை சூட்டிலை இருந்துகொண்டு, இந்த வீடு யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் மாதிரிக் கிடக்கு எண்டு பொயிலருக்குச் சொல்லியிருக்கு. பொயிலர் பாவம், சொன்னதைக் கேட்டிருக்கு. வெள்ளிக்கு வெள்ளி நான் விளக்கை எடுத்துத் துலக்கிற அரைமணித்தியாலம் மட்டும் உண்மை தெரிஞ்சு எரிஞ்சிருக்கு. குளிருது குளிருது எண்டு நான் ரெண்டாம் திரி போட்டன் பாருங்கோ, அதை நினைக்க எனக்கு என்னையே உதைக்கவேணும் போலை இருந்தது.

“வாடா மேலை!” எண்டு கத்தினன்.

வந்தான். அவனை நிப்பாட்டி வைச்சு, விளக்கைத் தூக்கிக்கொண்டு அறையின்ரை மற்ற மூலைக்குப் போனன். பாத்துக்கொண்டு நிண்டம். அஞ்சு நிமிசம். டிக். கீழை பூம். திரும்பக் கொண்டுவந்து வைச்சன். பத்து நிமிசம். டிக். அமைதி. இன்னொருக்காச் செய்தன், அதே கதை. சந்தேகமே இல்லை. வருத்தம் பிடிபட்டிட்டுது!

மன்னார்க்காரன் பெட்டியைப் பாத்தான், படங்களைப் பாத்தான், என்னைப் பாத்தான்.

“அண்ணை, மூண்டு கிழமையாய் நீங்கள் பிள்ளையாரையும் மாதாவையும் சூடாக்கியிருக்கிறியள். நாங்கள் ரெண்டுபேரும்தான் கணக்கிலை இல்லை.”

அப்பதான் சிரிப்பு வந்தது. சேர்த்துவைச்ச மூண்டு கிழமைச் சிரிப்பு. நிலத்திலை குந்தியிருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சம்.

“சரி, விளக்கை நூர்ப்பம்” எண்டான் பிறகு.

“நூர்க்கிறதோ? அவையள் வந்து கால்வைக்க முன்னமோ? கதைக்காதை.”

“அப்ப என்ன செய்யிறது? ரெண்டு மணிக்கு மனிசி வாறா.”

விளக்கு நூரவும் கூடாது, படங்கள் கிழக்கைப் பாக்கவும் வேணும், பெட்டிக்குச் சூடு படவும் கூடாது. அதே சுவரின்ரை மற்றத் தொங்கல் இருக்கு. தட்டைக் கழட்டி அங்கை பூட்டவேணும். விளக்கை மன்னார்க்காரன்ரை ரெண்டு கையிலையும் குடுத்தன். நான் ஆணியைப் பிடுங்கி, அளந்து, துளைபோட்டு, பூட்டி முடிக்கும்மட்டும் அவன் அறை நடுவிலை மூண்டு மேசோட்டோடை விளக்கேந்திக்கொண்டு நிண்டான். மாதா கோயில் பெடியன் பிள்ளையார் விளக்கைக் காவிக்கொண்டு, மூச்சுக்கூடப் பெரிசாய் விடாமல். இடையிலை யன்னல் இடுக்காலை காத்து அடிச்சு ஒரு சுவாலை படுத்து நீலமாய்ப் போச்சு. அவன் உடனை முதுகைக் காட்டித் திரும்பி, குனிஞ்சு மறைச்சான். எழும்பி நிண்டு எரிஞ்சது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரெண்டு மணிக்கு அந்த மனிசி வந்தா. கையிலை ஒரு படிவம், முகத்திலை ஒரு கவலை. எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு வந்த முகம். வாசலைத் தாண்டி ரெண்டடி வைச்சா, நிண்டா. ரேடியேற்றரிலை கையை வைச்சா. நேர குளிக்கிற அறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்து விரலை நீட்டினா. ‘அவ்!’ எண்டு கத்திக் கையை இழுத்தா. டேனிஷ்காரர் நொந்தால் அப்பிடித்தான் கத்துவினம். என்ரை வாழ்க்கையிலை ஒரு மனிசிக்குக் கை சுட்டதுக்கு நான் அப்பிடிச் சந்தோசப்பட்டதில்லை.

திரும்பி வந்து கோட்டைக் கழட்டிக் கதிரையிலை போட்டா. தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சா. என்ன பழுது எண்டு கேட்டா. நான் சுவரைக் காட்டி, தெரிஞ்ச டேனிஷிலை விளங்கப்படுத்தினன். அவ வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. படிவத்திலை கையெழுத்து வைச்சுப்போட்டு, நாளைக்கு அவையளை நேர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டா.

திருத்திறவருக்கும் போன் பண்ணினன். அவருக்குச் சொல்லாமல் எனக்கு மனம் ஆறாது. கேட்டுப்போட்டு அந்தக் கதை குறைஞ்ச மனிசன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது கேட்டது. இனி உங்கடை ஆக்களின்ரை வீட்டுக்குப் போனால் முதலிலை சப்பாத்தைக் கழட்டுவன் எண்டார். இண்டைக்கும் டென்மார்க்கிலை எங்கடை சனத்துக்குப் பொயிலர் நிண்டுபோனால் எனக்குத்தான் போன் வரும். சாமித்தட்டு எங்கை வைச்சிருக்கிறியள் எண்டுதான் நான் முதல் கேட்கிறது. இதுவரைக்கும் நாலு வீட்டிலை அதுதான் வருத்தம்.

அண்டைக்குப் பின்னேரம் குசினிக்குள்ளை போனன். தட்டிலை தேங்காயெண்ணெய்ப் போத்தல். கையிலை எடுத்துச் சரிச்சுப் பாத்தன். நடுவிலை ஒரு சின்ன வெள்ளைக் கட்டி மிதந்துது, சுத்திவரத் தண்ணி மாதிரித் தெளிஞ்ச எண்ணெய். மன்னார்க்காரனைக் கூப்பிட்டுக் காட்டினன். அவன் உள்ளங்கையிலை ஊத்தித் தலையிலை தேய்ச்சுக்கொண்டு, வீட்டிலை குளிக்கப் போனான். உள்ளையிருந்து அவன் பாடின பாட்டு ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை விடிய முதல் ரயிலிலை கோப்பன்ஹேகனுக்குப் போனன். விளக்கையும் பொயிலரையும் அவனிட்டை ஒப்படைச்சன். ஒண்டிலையும் கைவைக்காதை, எரியிறது எல்லாம் எரியட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போனன்.

விமானநிலையக் கதவாலை மனிசி வந்தாள். மெலிஞ்சு போனாள். என்னைக் கண்டதும் நிண்ட இடத்திலையே நிண்டாள். “இஞ்சாருங்கோ” எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னாள், மிச்சம் அழுகை. பக்கத்திலை, ஆரோ குடுத்த நீலக் கோட்டுக்குள்ளை, கழுத்துவரைக்கும் பொத்தான் பூட்டிக்கொண்டு என்ரை மகள். கிட்டப்போனன். தாயின்ரை சீலைக்குப் பின்னாலை ஒளிச்சாள். அப்பா எண்டு சொல்லு எண்டு தாய் எவ்வளவு சொல்லியும் வாயைத் திறக்கேல்லை. அவள் படத்திலை பாத்த அப்பாவுக்கு என்னிலும் தலைமயிர் கூட இருந்தது.

ரயிலிலை, பேந்து ரயிலை ஏத்திக்கொண்டு கடல் கடக்கிற கப்பலிலை, பேந்தும் ரயிலிலை, முழுக்க அவள் யன்னலைத்தான் பாத்தாள். நான் சொக்கிலேற் நீட்டினால் தாயிட்டைக் குடு எண்டு கையைக் காட்டினாள். ஒருக்கா மெல்லமாய்த் தாயிட்டைக் கேட்டது எனக்குக் கேட்டது, “இந்த மாமாவும் எங்களோடை வாறாரோ?” நான் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்தன். கோவக்காரன் எண்டு சொன்னன்தானே, அந்த நேரம் எனக்கு ஆரோடை கோவிக்கிறது எண்டு தெரியேல்லை.

பின்னேரம் நாலரைக்கு வீட்டுக் கதவைத் திறந்தன். அம்மாடி! உள்ளையிருந்து வெக்கை மூஞ்சையிலை அடிச்சது. நான் முப்பதிலை திருப்பிவிட்ட வளையம் அப்பிடியே முப்பதிலை நிக்குது. ஒண்டிலையும் கைவைக்காதை எண்டு நான்தானே சொன்னனான், மன்னார்க்காரன் சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கிறான். வெறும் பெனியனோடை, சரத்தோடை, முகம் முழுக்கப் பல்லாய் நிண்டான். மூலையிலை விளக்கு ரெண்டு சுவாலையோடை எரியுது.

மனிசி செருப்பைக் கழட்டிப்போட்டு நேர விளக்கடிக்குப் போய்க் கும்பிட்டாள். மகள் விறாந்தை நடுவிலை தனிய நிண்டாள். கோட்டோடை, தொப்பியோடை, கையுறையோடை. சுத்திப் பாத்தாள். ரேடியேற்றரைத் தொட்டுப்போட்டுக் கையை எடுத்தாள். தாய் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறாள். மன்னார்க்காரன் குசினிக்குப் போட்டான். அவளின்ரை நெத்தியிலை முத்து முத்தாய் வேர்வை. அவள் என்னை நிமிர்ந்து பாத்தாள்.

“அப்பா, வேர்க்குது.”

நான் அவளுக்கு முன்னாலை முழங்காலிலை இருந்து, கோட்டின்ரை முதல் பொத்தானைக் கழட்டினன்.